காணிக்காரர் கையைத் தூக்குங்க

“காணிச் சொந்தக்காரர் எல்லாரும் ஒருக்காக் கையத் தூக்குங்க. பெயரைக் குறிச்சுக்கொள்ளுவம்.”

நகரத்திலிருந்து வந்த திட்டமிடல் உத்தியோகத்தர் ரிஸானா மிஸ் இதைச் சொன்னபோது, எங்கள் ஊர்ப் பல்நோக்கு மண்டபம் முழுக்க ஆண்கள். கதிரை கிடைக்காதவர்கள் ஜன்னல் கட்டில் ஏறியிருந்தார்கள். மழை விட்ட பின்னேரம். உடுத்திருந்த ஈரச் சாரமும் பீடியும் இஞ்சித் தேத்தண்ணியும் கலந்த ஒரு வாசம். நான் முன்வரிசையில், காலில் சப்பாத்தோடு. ஊருக்காகப் பேச என்னைத்தான் பிடித்திருந்தார்கள். சப்பாத்து இல்லாமல் பேசினால் சட்டம் எடுபடாது என்பது என் நம்பிக்கை.

நான் அப்போதுதான் பேசி முடித்திருந்தேன். “எங்கட காணி! எங்கட உரிமை! ஒரு அங்குலமும் விட மாட்டம்!” கைதட்டலுக்குக் கூரையிலிருந்த புறாக்கள் பறந்தன. பஸ்ஸில் கொண்டக்டராக இருந்து தேய்ந்த தொண்டை இது. ‘பின்னுக்குப் போங்க’ என்று கத்தியே வளர்ந்த குரலுக்கு ‘விட மாட்டம்’ என்பதெல்லாம் ஒரு பாரமா?

மிஸ் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு சபையைப் பார்த்தார்.

ஒரு கைகூட எழும்பவில்லை.

என் கையும்தான்.

மூன்று சாமான்களோடு வந்தவன்

ஏன் எழும்பவில்லை என்று மட்டக்களப்பு வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெளியூரில் இருந்து இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் கிறுகிச் சுற்றி வாறன்.

நான் பிறந்தது வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம். நெல்லும் சேறும் மாடும் உள்ள இடம். கலியாணம் முடித்தது வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒரு கீற்று மணல். அந்த மணலில் ஒரு வளவு, வளவுக்குள் ஒரு வீடு, வீட்டுக்குள் என் மனைவி தங்கேஸ்வரி.

எங்கள் பக்கத்து முறை இதுதான்: பெண் புருசன் வீட்டுக்குப் போகமாட்டாள். புருசன்தான் பெண் வீட்டுக்கு வருவான். வீடும் வளவும் தாயிடமிருந்து மகளுக்குச் சீதனமாகப் போகும். மூத்தவளுக்குப் பெரிய வீடு. அடுத்தவளுக்கு அதே வளவில் பக்கத்தில் ஒரு வீடு. கொடுத்து முடித்த தாய் தகப்பன் பின்னால் குசினிப் பக்கம் ஒதுங்குவார்கள். தமிழருக்கும் இதுதான், காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கத்து முஸ்லிம்களுக்கும் பெரும்பாலும் இதுதான்.

நான் தோணியில் வாவி கடந்து மாப்பிள்ளையாக வந்தபோது கொண்டு வந்தவை மூன்று: ஒரு சூட்கேஸ், ஒரு ரேடியோ, அளவுக்கு மீறின வாய். சூட்கேசைக் கறையான் தின்றது. ரேடியோ உப்புக் காற்றில் செத்தது. மூன்றாவது சாமான் இன்றைக்கும் நல்ல நிலையில் இயங்குகிறது.

வந்த புதிதில் ஒரு கலண்டர் மாட்டச் சுவரில் ஆணி அடித்தேன். சத்தம் கேட்டு மாமி வந்தார். ஆணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.  தங்கேஸ்வரியைக் கூப்பிட்டு, “புள்ள, உன்ட சுவரில ஆணி இரிக்கு” என்றார். ஏதோ மரங்கொத்தி வந்து அடித்துவிட்டுப் போனது போல.

அன்றிலிருந்து ஆணி அடிக்க வேண்டுமென்றால் கேட்டுத்தான் அடிக்கிறேன். ஆனால் வெளியே கூட்டம், கோயில் நிர்வாகம், மரண உதவிச் சங்கம் எல்லாவற்றிலும் நாங்கள் ஆண்கள்தான் கதிரையில் இருப்போம். காணி அவர்களுடையது, கதிரை எங்களுடையது. இதில் ஒரு கோணல் இருப்பதாக அந்தப் பின்னேரம் வரைக்கும் யாருக்கும் தோன்றவில்லை.

முப்பதும் இருபதும்

பிரச்சினை ஒரு வரைபடத்தில் தொடங்கியது.

கரையோரக் கிராமங்களுக்கு நிலப் பயன்பாட்டுத் திட்டம் வருகிறது என்று ஒரு நகலை மண்டபச் சுவரில் ஒட்டினார்கள். கடலோரம் நீலக் கோடு, வாவியோரம் பச்சைப் பட்டை, நடுவில் குடியிருப்புக்கு மஞ்சள். மஞ்சளுக்குள் எங்கள் வளவும் இருந்தது. அழகாகத்தான் இருந்தது. கீழே சின்ன எழுத்தில் ஒரு நிபந்தனை: இனிமேல் குடியிருப்புக் காணியை இருபது பேர்ச்சுக்கு, அதாவது ஏக்கரில் எட்டில் ஒரு பங்குக்கு, குறைவாகப் பிரிக்க முடியாது.

எங்கள் வளவு முப்பது பேர்ச்சுக்குக் கொஞ்சம் கூட. முப்பதை எந்த வாய்ப்பாட்டில் போட்டாலும் இரண்டு இருபது வராது.

எங்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் கலா, கலியாணம் முடித்துப் பெரிய வீட்டில் இருக்கிறாள்; நாங்கள் பின்னால் குசினிக்கு ஒதுங்கிவிட்டோம். உறுதிப் பத்திரம் இன்னும் எழுதவில்லை, பேச்சுத்தான். இளையவள் சுகிக்குக் கதிரவெளியில் ஒரு பொடியனைப் பேசியிருந்தோம். பொடியன் இஞ்சின் போட் ஓட்டுகிறான், நல்ல பிள்ளை. வளவின் மற்றப் பாதியில் சுகிக்கு ஒரு வீடு என்பது ஏற்பாடு. பிரிக்க முடியாத காணிக்கு உறுதி எழுத முடியாது. உறுதி இல்லாமல் வீட்டுக் கடனும் இல்லை, அனுமதியும் இல்லை. வீடு இல்லை என்றால் கலியாணம் இல்லை.

மாப்பிள்ளையின் தாய் போனில் தெளிவாகவே கேட்டுவிட்டார்: “கோபிக்காதீங்க அண்ணே. வீடு இல்லாட்டி என்ட மகன எங்க கொண்டு வந்து விடுறது?”

கேள்வி நியாயம். ஒரு காலத்தில் என்னையும் இப்படித்தான் கொண்டு வந்து விட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முன்பு எங்கள் ஊரில் கடலோரத்திலும் வீடுகள் இருந்தன. கடல் ஊருக்குள் வந்த சுனாமி வருசத்துக்குப் பிறகு தப்பினவர்கள் எல்லாரும் வாவிப் பக்கம் தள்ளி வந்து, அக்கா வளவிலும் மச்சாள் வளவிலும் நெருங்கிக்கொண்டோம். அதற்கு மேல் இந்தத் தலைமுறைப் பெண் பிள்ளைகள். இருக்கிற மணல் அவ்வளவுதான். யாரும் பேராசையில் கூறு போடவில்லை.

அதனால்தான் ஊர் என்னைப் பிடித்தது. அதனால்தான் சப்பாத்து.

அப்ப நீங்க எல்லாரும் ஆர்?

மண்டபத்துக்குத் திரும்பி வருவோம். கைகள் எழும்பாமல் அங்கேயே கிடக்கின்றன.

மிஸ் எங்களுக்கு விளங்கவில்லை என்று நினைத்துத் திருப்பிச் சொன்னார். “பயப்பிட வேணாம். வரி போடுறதுக்கு இல்ல. காணி ஆரின்ட பேர்ல இரிக்கோ, அவங்கட ஆட்சேபனையத்தான் நாங்க பதியலாம்.”

நடு வரிசையில் ஒரு கை எழும்பியது. என் சகலன் சதாசிவம். மனைவியின் தங்கையைக் கட்டிய மனிதன், பக்கத்து வளவு.

மிஸ்ஸின் முகம் மலர்ந்தது. “சொல்லுங்க, பெயர்?”

“இல்ல மிஸ். தேத்தண்ணி இந்தப் பக்கம் வரல்ல.”

மிஸ் பேனாவை மூடினார். “காணி உங்கட பேர்ல இல்லையா?”

“இல்ல.”

“உங்கட?”

“பெஞ்சாதிட பேர்ல.”

“உங்கட ஐயா? இவ்வளவு நேரம் எங்கட காணி எங்கட காணி எண்டு பேசினீங்க?”

என்னைத்தான். “அது... பொதுவாச் சொன்னன், மிஸ்.”

“அப்ப இங்க இரிக்கிற நீங்க எல்லாரும் ஆர்?”

பின்னால் ஜன்னல் கட்டில் இருந்து ஒரு குரல்: “மாப்பிள்ளைமார், மிஸ்.”

மண்டபம் சிரித்தது. மிஸ்ஸும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு தன் கோப்பைப் புரட்டி அறிவித்தலை எடுத்துப் பார்த்தார். ‘குடும்பத் தலைவர்கள் சமூகமளிக்கவும்’ என்று இருந்தது. “பிழை எங்கட பக்கமும் இரிக்கு. எங்கட வீடும் உம்மா எழுதித் தந்ததுதான். காத்தான்குடியில பிறந்து வளர்ந்துபோட்டு இத நான் யோசிச்சிருக்கணும்” என்றார். அடுத்த கிழமை திரும்ப வருவதாகவும், அப்போது காணிக்காரர் வர வேண்டும் என்றும் சொன்னார்.

“நாங்களும் வரலாமா?” என்று சதாசிவம் கேட்டார்.

“வரலாம். தேத்தண்ணி குடுக்க ஆள் வேணும்தானே.”

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். தங்கேஸ்வரி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை. “எவ்வளவு நேரம் பேசின நீங்க?”

“நல்லாப் பேசினன் புள்ள. கைதட்டினாங்க.”

சுகி வாசலில் நின்றாள். “அப்பா, நீங்க இன்னும் ரெண்டு கூட்டத்தில பேசினா நான் கன்னியாத்தான் இரிப்பன்.”

காணிக்காரர் கூட்டம்

அடுத்த கூட்டம், மீன் வந்து சோறாக்கி முடிந்த பிறகு வைத்தார்கள். முதல் மாற்றம் அதுதான். பெண்கள் வந்ததும் செய்த முதல் வேலை, வரிசையாகக் கிடந்த கதிரைகளை இழுத்து வட்டமாகப் போட்டது. மிஸ்ஸின் மேசை வட்டத்துக்கு வெளியே தனியாகக் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் அவரும் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

நாங்கள் பின்னால் தேத்தண்ணி. நான் சீனிப் பொறுப்பு. இன்றைக்குச் சப்பாத்து இல்லை.

மிஸ் நிபந்தனைக்குக் காரணம் சொன்னார். எங்கள் மணலுக்குக் கீழே நல்ல தண்ணீர் மெல்லிய பாளமாகத்தான் மிதக்கிறது. அதற்குக் கீழே உப்பு. வளவைச் சின்னச் சின்னதாகக் கூறு போட்டால் கூறுக்கு ஒரு கிணறு, கூறுக்கு ஒரு கக்கூஸ் குழி வரும். குழி கிணற்றுக்குக் கிட்ட வரும். பிறகு எல்லாரும் குடிப்பது ஒன்றைத்தான்.

நான் போன கூட்டத்தில் அரை மணித்தியாலம் பேசினேனே, இந்தக் காரணத்தை ஏன் கேட்கவில்லை? பேசுகிறவனுக்குக் கேட்க நேரம் ஏது?

பெண்களுக்கு இது புதினம் இல்லை. ஞானம் அக்கா உடனே தன் தங்கை பாக்கியத்தைக் காட்டினார். “ஓம் மிஸ், என்ட கிணத்துத் தண்ணி மணக்கத் தொடங்கினது இவ குழி வெட்டினாப் பிறகுதான்.”

“மணக்கிறது கிணறில்ல மிஸ், இவட வாய்.”

“கேட்டீங்களா? கேட்டீங்களா? கூடப் பிறந்தவள்!”

சத்தம் அடங்கும்வரை மிஸ் காத்திருந்தார். அப்போதுதான் தங்கேஸ்வரி வாய் திறந்தாள். அவள் குரல் உயராது. சட்டியில் உப்புக் காணுமா, போதுமா என்று கேட்கிற அதே குரல்.

“மிஸ், உங்களுக்கு என்ன வேணும்? காணி பெரிசா இரிக்கிறதா, கிணறும் குழியும் தூரமா இரிக்கிறதா?”

“தூரமா இரிக்கிறதுதான்.”

“அப்ப அந்தத் தூரத்த எழுதுங்களன். காணிட அளவ ஏன் எழுதுறீங்க? ஒரு வளவுக்கு ஒரு கிணறு, ஒரு குழி. அக்காவும் தங்கச்சியும் ஒண்டா அள்ளட்டும். இப்பயும் அப்பிடித்தானே பாதிப் பேர் இரிக்கம்.”

மிஸ் இதை மறுக்கவில்லை. யோசித்தார். யோசித்துவிட்டு இன்னும் கடினமான ஒன்றைக் கேட்டார். “எழுதலாம். ஆனா அந்தக் கிணறு ஆரின்ட பேர்ல? அக்காட துண்டில விழுந்தா, கோவம் வந்த அண்டைக்கு வேலி அடைப்பா. தங்கச்சிட துண்டில விழுந்தா அவ அடைப்பா. ரெண்டு பேரின்ட பேர்லயும் எழுதினா வழக்குத்தான்.”

 ஞானம் அக்கா பாக்கியத்தைப் பார்த்தார். பாக்கியம் கூரையைப் பார்த்தார்.

மிஸ் குரலைத் தாழ்த்திச் சொன்னார். “எங்கட உம்மாக்கு நாங்க நாலு பேர். நாலு பேருக்கும் எழுதிக் குடுத்துப்போட்டா. இப்ப மாறி மாறி எங்கட வீடுகள்ள இரிக்கா. நாங்க நல்லாத்தான் பாக்கம். ஆனா எந்த வீட்டிலயும் ஜன்னலத் திறக்க முன்னம் எங்கட முகத்தப் பாப்பா.”

தங்கேஸ்வரி அதைக் கேட்டாள். பிறகு சொன்னாள்:

“தாய்ட பேர்ல எழுதுங்க.”

“என்ன?”

“கிணறு நிக்கிற துண்டு தாய்ட பேர்ல. அந்தப் பக்கம் ஒரு மகள், இந்தப் பக்கம் ஒரு மகள், நடுவில தாய். ஒரு அறையும் குசினியும் போடக் கூடின அளவுக்கு. அவ கண் மூடின பிறகு ரெண்டு பேருக்கும் பொதுவாப் போகட்டும், பிரிக்கேலாது எண்டு எழுதினாச் சரி.”

உடனே பாக்கியம்: “அப்ப சீதனத்தில குறை வச்ச மாதிரி ஆகாதா, அக்கா? மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்லுவாங்க?”

“மாப்பிள்ளைக்கு வீடு குடுக்கம். தண்ணிய மாமியாரக் கேட்டுக் குடிக்கட்டும். தொண்டையில சிக்குமா?”

சிரிப்பில் மிஸ்ஸின் கோப்பே கீழே விழுந்தது. நாங்கள் மாப்பிள்ளைமார் மட்டும் சிரிக்கவில்லை. சீனிப் பேணியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். நாற்பது வருசத்துக்குக் கிட்ட ஒன்றாக இருந்தும், பின்னால் ஒதுங்கிய குசினியில் இவளுக்கு இடம் போதவில்லை என்பது எனக்குத் தெரியாது. நான் போதும் என்று நினைத்திருந்தேன். என் பாதியில் நான் கால் நீட்டிப் படுத்தேன், அதனால்.

“நான் எழுதி மேல அனுப்புறன். சரி வரும் எண்டு சத்தியம் பண்ண மாட்டன்” என்றார் மிஸ். அன்றைக்குக் கைகள் எழும்பின. வளையல் சத்தம்தான் கேட்டது.

கதிரவெளிக்கு ஒரு பயணம்

காத்திருந்த மாதங்கள் இலேசானவை இல்லை. மாப்பிள்ளையின் தாய்க்கு நேரில் விசயத்தைச் சொல்ல என்னைக் கதிரவெளிக்கு அனுப்பினார்கள். சுகி கட்டளை போட்டுத்தான் விட்டாள்: “சொல்ல வேண்டியதச் சொல்லிப்போட்டு வாங்க. பேச்சுப் பேசாதீங்க.”

முற்றத்தில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. அந்த அம்மாவிடம் சொன்னேன். கிணற்றுத் துண்டு தங்கேஸ்வரிக்கு, மீதிதான் பிள்ளைகளுக்கு, அதுவும் மேலிடத்தில் சரி வந்தால். அவர் காகம் விரட்டிய தடியைக் கீழே வைத்தார். கலியாணம் முறிந்தது என்று எண்ணி நான் பஸ் நேரத்தை யோசிக்கத் தொடங்கினேன்.

“அண்ணே,” என்றார் மெல்ல, “அந்த மாதிரி எழுதுறதுக்கு எவடத்த போகணும்? நான் மூத்தவளுக்கு எழுதிப்போட்டன். இளையவட துண்டு இன்னும் என்ட பேர்லதான் இரிக்கு.”

நான் பேச்சுப் பேசவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை.

கயிறு பிடித்த அன்று

திருத்திய திட்டம் ஒருநாள் மண்டபச் சுவருக்கு வந்தது. வாவியோரப் பச்சைப் பட்டை அசையவில்லை. அதை அசைக்க வேண்டாம் என்று பெண்களே சொல்லியிருந்தார்கள், மாரி வெள்ளத்துக்கும் இருக்க ஓர் இடம் வேண்டாமா? இருபது பேர்ச் நிபந்தனையின் கீழே புதிதாக ஒரு பந்தி இருந்தது. தாயின் வளவைப் பிள்ளைகளுக்குப் பிரிக்கும்போது கிணறும் குழியும் பொதுவாகவும் குறித்த தூரத்திலும் இருந்தால், கிணற்றுத் துண்டு தாயின் பெயரில் நின்றால், சிறிய கூறுகளுக்கும் அனுமதி.

நான் கண்ணாடி போட்டு உரத்து வாசித்தேன். சுகி சுவரோடு ஒட்டி நின்று அதே பந்தியை விரலால் இரண்டு தரம் தடவினாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் பின்னால் போனாள். கதிரவெளிக்குத்தான். அந்தச் சிரிப்புக்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

நில அளவையாளர் வந்த காலை என்னைக் கண்டதும், “ஐயா, காணி எல்லையக் காட்டுங்க” என்றார்.

“நான் கயிறு பிடிக்கிறவன். காணிக்காரர் அந்தா வாறா.”

தங்கேஸ்வரி கூந்தலை முடிந்துகொண்டு வந்தாள். கலாவுக்கு வீட்டோடு ஒரு பக்கம். சுகிக்கு மறுபக்கம். நடுவில் தெருவிலிருந்து பின்வேலி வரைக்கும், கிணற்றையும் ஒரு தென்னையையும் உள்ளே போட்டு, ஒரு துண்டு. அவள் நடந்தாள், நான் கயிற்றோடு பின்னால் போனேன்.

கலா படியில் நின்று பார்த்தாள். “அம்மா, நடுத்துண்டு கொஞ்சம் அகலமாப் போச்சு போல.”

“ஓம். காணாது எண்டுதான் எனக்கும் கிடக்கு. உன்ட பக்கத்தால இன்னும் ரெண்டடி எடுக்கவா?”

கலா உள்ளே போய்விட்டாள். நில அளவையாளர் கல்லைப் போட்டார்.

மறுநாள் விடிய நான் பல் துலக்கிக்கொண்டு நின்றேன். கலா வாளியோடு வந்தாள். பிறந்த நாளிலிருந்து தண்ணீர் அள்ளுகிற கிணறு. புதுக்கல்லுக்கு இந்தப் பக்கம் வந்ததும் கால் தானாக நின்றது. குசினி வாசலைப் பார்த்தாள்.

“அம்மா, தண்ணி அள்ளட்டா?”

தங்கேஸ்வரி அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். திரும்பினாள். மகளைப் பார்த்தாள், கிணற்றைப் பார்த்தாள். அவசரப்படவே இல்லை.

“அள்ளு மகள்.”

நான் வாயில் நுரையோடு, என் செம்பை எடுத்துக்கொண்டு கலாவுக்குப் பின்னால் போய் நின்றேன். கேட்டுவிட்டுத்தான் அள்ளினேன்.